மாடிக்கு வராத ஃபோல்டர்

புது ரவுட்டரை முதலில் பார்த்தபோது எனக்கு அதன்மேல் எந்த விரோதமும் இல்லை. நத்தத்தில் என் தாய்வீட்டில் ஒரு வளைகாப்பை முடித்துக்கொண்டு திண்டுக்கல் திரும்பிய சாயங்காலம் அது. கீழ்வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், நான்கு கொம்புகளோடு வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. வேகமான திட்டத்துக்கு மாறியாயிற்று, பழைய பெட்டி அதற்குத் தாங்காது என்று சொல்லி நெட் கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போனார்களாம். வந்தது நல்லபடியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன். மறுநாள் காலையிலேயே அந்த நல்லெண்ணம் போய்விட்டது.

எங்கள் வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. மாடியில் நானும் என் கணவரும் பிள்ளைகளும். கீழே என் கொழுந்தனும் அவர் மனைவியும். அவள் எனக்கு ஓரகத்தி, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அடுப்படி தனித்தனி, நெட் மட்டும் பொது. அந்த நெட்டை நம்பித்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். சின்னாளப்பட்டி சுங்குடிப் புடவைகளை வாங்கி, படம் எடுத்து, போனில் உள்ள குழுக்களில் போட்டு விற்பது.

வேலைப் பங்கீடு இப்படி. துணி அவள் பிறந்த வீட்டுப் பக்கத்திலிருந்து வரும், அவளுக்குச் சின்னாளப்பட்டிதான் ஊர். காலை வெயில் வாசலில் நேராக விழும் நேரத்தில் புடவையைக் கொடியில் விரித்து அவள் படம் எடுப்பாள். கீழே இருக்கும் கம்ப்யூட்டரில் 'புடவை' என்று ஒரு ஃபோல்டர். படங்களை அதில் போடுவாள். மாடியில் என் கம்ப்யூட்டரிலிருந்து அதே ஃபோல்டரைத் திறந்து, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் நான்கைந்து வரி எழுதி வைப்பேன். வியாபாரத்துக்கென்று இருக்கும் போன் கீழேதான் இருக்கும். அவள் என் வரிகளை எடுத்துப் படத்தோடு சேர்த்துக் குழுவில் போடுவாள். பார்சல் கட்டுவது கொழுந்தன்.

ஆகவே, அந்த நான்கைந்து வரிதான் என் பங்கு. நான் தமிழ் படித்தவள். தொட்டுப் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கிற ஒருத்திக்குப் புடவையைச் சொல்லால் தொட்டுக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாம்பழ மஞ்சள் என்று எழுதினால் போதாது. எந்த மாம்பழம், காம்போரமா கன்னத்திலா என்று யோசிப்பேன். எழுத்துக்காகவே வாங்குகிறார்கள் என்று நம்பியும் இருந்தேன். அந்த வரிகளை எடுத்துவிட்டால் இந்த வியாபாரத்தில் எனக்கு வேலையே கிடையாது. இது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வாரம் எனக்கு அப்படி ரத்தம் கொதித்தது.

மறுநாள் காலை வழக்கம்போலக் காப்பியோடு உட்கார்ந்து ஃபோல்டரைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கட்டம் வந்து நின்றது. அதில் இங்கிலீஷில் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: இதை அணுக முடியவில்லை, இதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

வேறு யாராவது என்றால் "நெட்டு சரியில்லை போல" என்று அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். எனக்கு 'அனுமதி' என்ற சொல்லைத் தாண்டிக் கண் போகவில்லை. காரணம் இருந்தது. போன மாதம் சின்னாளப்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எனக்கு முதுகுப்பக்கம் உட்கார்ந்திருந்த அவளுடைய அக்கா, "ஏன்டி, தனியாவே ஆரம்பிக்க வேண்டியதுதானே. படமும் நீயேதான் எடுக்கிற, துணியும் நம்ம பக்கத்துலருந்துதானே வருது" என்றாள். என் ஓரகத்தி சிரித்தாள். மறுத்திருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பு எனக்குள்ளே மாட்டிக்கொண்டது.

சரி, நேரே இறங்கிப் போய் "ஏம்மா, ஃபோல்டர் திறக்க மாட்டேங்குதே" என்று கேட்க வேண்டியதுதானே? எங்கள் வீட்டில் அது நடக்காது. குழம்பு மாடிக்கும் கீழுக்கும் போய் வரும், பிள்ளைகள் எந்த வீட்டில் தூங்குகின்றன என்று கணக்கே கிடையாது. ஆனால் 'ஏன் இப்படிச் செய்தாய்' என்ற கேள்வி மட்டும் நேராகப் போகாது. புருஷன் காதில் போட்டு, அவர் தம்பி காதில் போட்டு, தம்பி பெண்டாட்டியிடம் சொல்லி, பதில் அதே வழியில் சுற்றிக்கொண்டு வரவேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன், அப்படித்தான் நானும் இருந்தேன்.

என் கணவருக்கு வேலை வேடசந்தூரில். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். போனில் பிடித்தேன்.

"ரவுட்டர் மாத்தும்போது எதையாச்சும் மாத்துனீங்களா?"

"ஒண்ணையும் மாத்தல. எல்லாம் பழசு மாதிரியேதான் வச்சிருக்கேன். பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அதேதான். மாத்துனா அம்புட்டுப் பேருக்கும் சொல்லணும்ல."

அதுவும் நியாயம்தான். எங்கள் வீட்டு பாஸ்வேர்டு தெரியாத சொந்தக்காரர் கிடையாது. ஒட்டன்சத்திரத்து நாத்தனார் குடும்பம் வாசலில் செருப்பை விடும்போதே போன்களெல்லாம் தாமாகச் சேர்ந்துகொள்ளும். பாஸ்வேர்டை மாற்றினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். ஆக, எல்லாம் பழையபடியே இருக்கிறது, ஃபோல்டர் மட்டும் எனக்கு இல்லை. வேறென்ன நினைப்பேன்?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. முதலில் இயந்திரத்தைக் குற்றவாளியாக்கிப் பார்ப்போம் என்று இறங்கினேன். என் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பலனில்லை. ரவுட்டரை அணைத்துப் போட வேண்டும், ஆனால் அது கீழே இருக்கிறது. கீழே போக ஒரு சாக்கு வேண்டும். கறிவேப்பிலை கேட்கப் போனேன். அவள் கொல்லைப்பக்கம் பறிக்கப் போன நேரத்தில் சுவிட்சைத் தட்டினேன். அடுத்த முறை, முன்தினம் கொடுத்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதற்கடுத்த முறை கிண்ணமும் இல்லை, சும்மா போனேன். கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தன், "அண்ணி வந்தாலே நெட்டு போயிருது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பாட்டுக் கேட்டேன், ஒன்றை அழுத்தினேன், இரண்டை அழுத்தினேன், மறுபடி பாட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"நெட் வருதா மேடம்?"

"வருது. ஆனா மாடியில இருக்க சிஸ்டத்துல இருந்து கீழ இருக்க சிஸ்டம் தெரியல."

"நெட் வருதுங்களா?"

"வருதும்மா, அதான் சொல்றேனே."

"அப்ப எங்க சைடு ஓகே மேடம். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

முதலில் கேட்ட உதவியே கிடைக்கவில்லை, இதில் வேறு உதவியாம். வைத்துவிட்டேன்.

வீடியோக்களைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். ஃபயர்வால் என்னும் பாதுகாப்புச் சுவரை அணை என்றார் ஒருவர், அணைத்தேன். பகிர்வை ஆன் செய் என்றார் இன்னொருவர், அது ஏற்கெனவே ஆனில்தான் இருந்தது. எதையோ அழித்துவிட்டு மறுபடி போடு என்றார் மூன்றாமவர், அழித்தேன், அதன்பிறகு பிரிண்டரும் சேர்ந்து படுத்துக்கொண்டது. ஒரு வேலையும் நடக்காமல், எல்லா வேலையும் செய்த களைப்பு மட்டும் வந்தது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். சாம்பாரில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

படங்களைப் போனில் அனுப்பச் சொல்லலாம்தான். போனில் வந்தால் நிறம் மாறிவிடும், அரக்கு செங்கல் ஆகிவிடும். அதைவிட, அனுப்பு என்று கேட்பதே கேட்பதுதானே. தள்ளிவைத்தவளிடம் போய்க் கையேந்துவதா என்று வீம்பு பிடித்துக்கொண்டது.

வீம்பு இருந்தாலும் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். துணி காயப்போட அவள் மொட்டைமாடிக்குப் போகும்போது படியில் நிறுத்தினேன்.

"புதுசா ஏதும் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. எடுத்துக்கிட்டுதேன் இருக்கேன்."

"நல்லா வந்துருக்கா?"

"நல்லாருக்குக்கா."

அவள் இன்னும் ஏதோ சொல்லப்போகிற மாதிரி இருந்தது. வாளியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். பார்த்தாயா, ஃபோல்டரைப் பற்றி வாயே திறக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானும்தான் திறக்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நான் தம்பிகிட்ட பேசுறேன்" என்று வீராப்பாக இறங்கிப் போனார். ஆட்டம் பார்த்தார், டீ குடித்தார், சுண்டல் தின்றார், ஏறி வந்தார்.

"கேட்டீங்களா?"

"நல்லாத்தான் இருக்காக. ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல."

இந்த மனுஷனை நம்பித்தான் எங்கள் வீட்டுத் தூது நடக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

கொழுந்தன் பைக்கில் பார்சல் மூட்டையோடு கிளம்புவதைப் பால்கனியிலிருந்து பார்த்த அன்றுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று. நான் ஒரு வரி எழுதவில்லை, மூட்டை மட்டும் போகிறது. பழைய ஆர்டராக இருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. மற்ற மனசு படியிறங்கிவிட்டது. கையில் கிண்ணம் இல்லை, கறிவேப்பிலையும் வேண்டாம்.

அவள் கீழ்வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

"என்னைய ஏன் ஃபோல்டர்லருந்து தூக்குன?"

என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் தூக்குனேனா? என்னக்கா சொல்றீங்க? நீங்கதேன் எழுதாம விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். காதுகுத்துல எங்க அக்கா பேசுனது காதுல விழுந்துருச்சு போல, கோவமா இருக்கீகன்னு இருந்தேன்."

"அனுமதி இல்லைன்னு வருது எனக்கு."

"எனக்கு உங்க சிஸ்டமே தெரியலக்கா. நீங்க ஆஃப் பண்ணி வச்சிருக்கீகன்னுல்ல நெனச்சேன்."

வெட்கமாகவும் இருந்தது, வயிற்றில் பால் வார்த்த மாதிரியும் இருந்தது. ஒரு வாரமாகச் செய்ய முடியாத காரியம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டதே என்று எரிச்சலும் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு பேருமாக உட்கார்ந்தோம்.

அவள் கம்ப்யூட்டரில் முதல் கோளாறு கிடைத்தது. புது ரவுட்டரில் சேரும்போது, இது வீடா பொது இடமா என்று அது கேட்டிருக்கும் போல. யாரும் கவனிக்காததால் பொது இடம் என்று தானாக வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவள் பையை இறுக்கிக்கொள்வதுபோல எல்லாவற்றையும் மூடிக்கொண்டு விட்டது. வீடு என்று மாற்றினோம். "அம்புட்டுத்தேன்" என்று அவள் கை தட்டினாள். நான் மூச்சு வாங்க மாடிக்கு ஓடினேன். வட்டம் சுற்றியது. அதே கட்டம். அதே அனுமதி.

மானிட்டரை ஓங்கி அறையலாம் போல வந்தது. படிக்கட்டின் மேலே நின்று, "வரலை!" என்று கத்தினேன். அடுத்த வீட்டு அம்மாள் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

வீடியோவில் பார்த்ததில் ஒன்றுதான் மீதி இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரவுட்டர் நடுவே புள்ளி வைத்து நான்கு எண் கொடுக்குமாம், ஒரே ரவுட்டரில் இருந்தால் கடைசி எண் மட்டும்தான் மாறுமாம். இதுவரை அதைப் பார்க்க முடியாததற்குக் காரணம், மாடியில் ஒருத்தி, கீழே ஒருத்தி என்று இரண்டு பேர் வேண்டும் என்பதுதான். நான் கீழே போய் உட்கார்ந்தேன், அவளை மாடிக்கு அனுப்பினேன்.

"மூணாவது நம்பர் என்ன?"

"பூஜ்யம்க்கா!"

"சரியாப் பாரு. இங்க ஒண்ணு."

"பூஜ்யம்தேன். நல்லாப் பாத்துட்டேன்."

அதெப்படி? ஒரே ரவுட்டர், ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. என் போனும் மாடியில் அதே பேரைத்தான் காட்டியது. நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து அவள் குரல் வந்தது.

"அக்கா, பீரோவுக்குப் பின்னால என்னமோ பச்சையா சிமிட்டுது. பழைய பொட்டி மாதிரி இருக்கு. செத்த வாங்களேன்."

பழைய பெட்டியேதான். ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் நெற்றியில் காய்ந்திருக்க, எங்கள் பீரோவுக்குப் பின்னால், திறக்காத ஜன்னலின் இடுக்கு வழியாகக் கீழேயிருந்து வந்த வயரில் மாட்டிக்கொண்டு, தன் பாட்டுக்கு நெட் கொடுத்துக்கொண்டிருந்தது. என் கணவருக்குப் போன் போட்டேன்.

"ஆமா, மாடிக்கு சிக்னல் கம்மியா வரும்ல, அதான் மாட்டிவிட்டேன். நல்லா வேலை செய்யுற சாமான். பொட்டு வச்ச பொருளைக் குப்பையில போடச் சொல்றியா?"

"ஒரு வாரமா நான் படுற பாட்டைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஏன் சொல்லல?"

"சொன்னேனே. எல்லாம் பழசு மாதிரியே வச்சிருக்கேன்னு."

புதுப் பெட்டிக்கும் பழைய பெட்டிக்கும் ஒரே பேரை வைத்திருக்கிறார். என் கம்ப்யூட்டர் பக்கத்திலிருக்கும் பழையதோடு சேர்ந்துகொண்டது, கீழே இருப்பது புதியதோடு. இரண்டிலும் நெட் வருகிறது, ஒன்றுக்கு ஒன்று முகம் தெரியாது. நான் என் புருஷனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

கம்ப்யூட்டர் மேசையை இரண்டு பேருமாகப் பீரோ பக்கம் இழுத்தோம். பழைய பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கி நேராக என் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஃபோல்டரைத் தட்டினேன். வட்டம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. படங்கள் வரிசையாக வந்து நின்றன. மயில்கழுத்து நிறம், அரக்கு, பாக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரம் போராடி வீட்டை மீட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"நீ போ. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்துக்கும் எழுதிப்புடுறேன்" என்றேன்.

அவள் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்கெல்லாம் எழுத வேணாம்க்கா. போட்டாச்சு."

"எங்க போட்டாச்சு?"

"குரூப்புலதேன். நீங்க எழுதலைன்னதும் நானே ரெண்டு ரெண்டு வரி எழுதிப் போட்டேன். சும்மா, என்ன கலரு, எத்தனை முழம், சாயம் போகுமா போகாதான்னு."

"வாங்குனாங்களா?"

"வாங்குனாகக்கா."

"எல்லாத்தையுமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, எனக்கு வலிக்கக்கூடாது என்று தேடிக் கண்டுபிடித்தவள்போல, "உங்கள மாதிரி வராதுக்கா. நீங்க ஒருவாட்டி பாத்து, தப்பு இருந்தாத் திருத்திக் குடுங்க" என்றாள். அதற்கு அவள் சும்மா இருந்திருக்கலாம். வாசலில் வெயில் போயிரும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கோபப்பட எனக்கு ஆள் இல்லை. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. கணவரைத் திட்டியாயிற்று, உதவி எண்ணைத் திட்டியாயிற்று. காலில் கிடந்த பழைய பெட்டியை ஒரு உதை விட்டேன். விரல்தான் வலித்தது.

கொஞ்ச நேரத்தில் ஃபோல்டரில் ஒரு புதுப் படம் வந்து விழுந்தது. மாந்தளிர் நிறத்தில் பொடிப் புள்ளி போட்ட புடவை, அப்போதுதான் எடுத்திருக்கிறாள். எனக்கு மடமடவென்று சொற்கள் வந்தன. தளிரில் செம்மை எங்கே முடிந்து பச்சை எங்கே தொடங்குகிறது என்று ஒரு வரி மனசில் கூடி வந்தது. விரல்களைத் தட்டச்சுப் பலகையில் வைத்தேன். படத்துக்குப் பக்கத்தில், நான் இன்னும் ஒரு எழுத்தும் அடிக்காதபோதே, அவள் எழுதிய இரண்டு வரி கீழேயிருந்து வந்து சேர்ந்தது. ஒரு நொடிகூடத் தாமதமில்லை, இணைப்பு அவ்வளவு நன்றாக வேலை செய்தது.